ஞானசேகரனின் ஒரே ஒரு சுற்று

சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் சிறிய விமானங்களுக்கு ஒயர் வேலை செய்கிறவர் ஞானசேகரன். விமானம் ஓட்டுகிறவர் பேசுவது எந்த வழியாக வெளியே போக வேண்டும், வெளியே பேசுகிறவர்கள் எந்த வழியாக அவர் காதுக்கு வர வேண்டும் என்பதெல்லாம் இவர் கையில். பல வருடங்களாக இதே வேலை. ஆனால் தான் ஒயர் போட்ட ஒரு விமானத்தில்கூட அவர் தரையைவிட்டு மேலே போனதில்லை. பயம்.

இந்தப் பயம் அவருடன் வேலை செய்கிறவர்களுக்கு அரைகுறையாகத் தெரியும். வீட்டில் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கரூரிலிருந்து கப்பல் பட்டறைக்கு எலெக்ட்ரீஷியனாக வந்தவர். கிராஞ்சியில் தங்குவிடுதி, விடிவதற்குள் லாரி, பகலெல்லாம் கப்பலின் வயிற்றுக்குள் புழுங்கிக்கொண்டு கேபிள் இழுப்பது என்று சில வருடம் ஓடியது. மாலை வகுப்பில் படித்து விமான மின்வேலைக்குச் சான்றிதழ் வாங்கினார். ஏன் மாறினாய் என்று கேட்ட நண்பர்களிடம் முன்னேற்றம், எதிர்காலம் என்று ஏதேதோ சொன்னார். நேர்காணலுக்குப் போன அன்று, விமானங்களை நிறுத்தி வேலை பார்க்கும் ஹாங்கரில் ஆள் உயர மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அதுதான் காரணம்.

கல்யாணம் கரூரில் நடந்தது. பெண்ணின் அண்ணன் ரகுபதி, மைக் கிடைத்தால் விடமாட்டார். மாப்பிள்ளைக்கு விமானத்தில் வேலை என்று சொல்ல வேண்டிய இடத்தில், "எங்க மாப்பிள்ளை சிங்கப்பூர்ல பிளேன் ஓட்டுறாரு" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். மாலையும் கழுத்துமாக நிற்கிற மாப்பிள்ளை குறுக்கே புகுந்து திருத்துகிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. ஞானசேகரன் சிரித்தார். அந்தச் சிரிப்பை எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மனைவி வசந்தகுமாரி சிங்கப்பூருக்கு வந்த பிறகு ஞானசேகரன் பிளேன் ஓட்டுவதை ஒருவழியாகப் பிளேன் சரிபார்ப்பது என்று இறக்கிவிட்டார். "அப்ப நீங்க மேலயே போக மாட்டீங்களா?" என்று அவள் கேட்ட கேள்வியில் ஏதோ ஓர் ஏமாற்றம் இருப்பதாக அவருக்குத் தோன்றியது. "போகாம எப்படி? சரிபார்க்கணும்ல" என்றார். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு முறையாவது அவர் பறக்க வேண்டியதாயிற்று. ஈசூனில் அவர்கள் குடியிருந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மலேசியாவின் தியோமான் தீவைச் சுற்றினார், மலாக்காவின் கூரைகளைப் பார்த்தார். ஒருநாள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மேகத்தைத் தொட்டார். மகள் யாமினி சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தக் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

திருச்சிக்குப் போகும் பெரிய விமானத்தில் மட்டும் அவர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார். "இதை யார் ஒயர் பண்ணினான்னு தெரியாதே. வேலை தெரிஞ்சவனுக்குத்தான் கவலை" என்பார். வசந்தகுமாரி தலையாட்டிவிட்டு, பணிப்பெண்ணிடம் அவருக்கு வெந்நீர் கேட்பாள்.

இப்படியே ஓய்வு பெற்றிருக்கலாம். டாக்டர் பேரின்பநாயகத்தின் விமானம் வராமலிருந்தால்.

டாக்டர் ஓய்வு பெற்ற கண் மருத்துவர். ரயில்வேயில் குமாஸ்தாவாக வேலை பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் அவருடைய தாத்தா. மற்றவர்கள் கோல்ஃப் விளையாடப் போகிற வயதில் டாக்டர் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, நான்கு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றையும் வாங்கினார். விமானம் நல்ல விமானம்தான். உள்ளே பேசுவதற்கான பெட்டிதான் செத்துப்போயிருந்தது. பக்கத்தில் உட்காரும் அவருடைய மனைவி இரஞ்சிதம் ஏதாவது சொன்னால் இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது. "என்ன?" என்று அவர் திரும்புவார். அவரோடு சேர்ந்து விமானமும் திரும்பும். இனிமேல் ஏற மாட்டேன் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார்.

அதனால் புதிதாக ஓர் ஆடியோ பேனலும் இன்டர்காமும் போடச் சொன்னார் டாக்டர். ஆடியோ பேனல் என்பது ஓட்டுநருக்கு எதிரே இருக்கும் ஒரு பட்டையான பெட்டி. எந்த வானொலியில் பேசுவது, எதைக் கேட்பது என்று அதில் தேர்ந்தெடுக்கலாம். இன்டர்காம், உள்ளே ஹெட்செட் மாட்டியிருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள. வலப்பக்கம் உட்காருகிறவரும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசட்டும் என்று, சுருள் ஒயரில் தொங்கும் ஒரு பொத்தானையும் டாக்டர் கேட்டிருந்தார். அழுத்தினால் பேச்சு கோபுரத்துக்குப் போகும். விட்டால் விமானத்துக்குள்ளேயே இருக்கும்.

ஞானசேகரன் வேலையில் குறை வைக்கிறவர் அல்ல. இருக்கைகளைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, தலைகீழாகப் படுத்து, பேனலுக்கு அடியில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பழைய ஒயர்களை உருவினார். புதியவற்றைக் கட்டுக்கட்டாகப் பிரித்துப் போட்டார். ஹெட்செட் சொருகும் துளைகள் விமானத்தின் உலோகத்தில் பட்டால் இரைச்சல் வரும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் வாஷர் வைத்தார். இயந்திரத்தை ஓடவிட்டு நான்கு இருக்கையிலும் உட்கார்ந்து பேசிப் பார்த்தார்கள். பக்கத்து அறையில் பேசுவதுபோலத் துல்லியமாகக் கேட்டது.

டாக்டர் மேலே போய்விட்டு இறங்கி வந்து, "ஒரு சத்தம் வருது ஞானசேகரன். கொசு மாதிரி" என்றார்.

தரையில் வைத்துச் சோதித்தால் கொசு வரவில்லை. மறுபடி மேலே போனார். வந்தது. இறங்கினார். போய்விட்டது. பேனலைக் கழற்றி மாட்டினார்கள், எர்த் இணைப்புகளை இறுக்கினார்கள். கொசு வானத்தில் மட்டும் வாழ்ந்தது.

முதலாளி சொல்லிவிட்டார்: "நீ கூடப் போய்க் கேட்டுட்டு வா."

ஞானசேகரனுக்கு இடுப்பு வலி வந்தது. வேறொரு விமானத்தில் அவசர வேலை வந்தது. கடைசியில், கூட வேலை செய்யும் சுரேந்தரின் தோளில் கைபோட்டு, "தம்பி, உனக்குத்தான் காது ஷார்ப்பு" என்றார்.

சுரேந்தர் மூக்கை உறிஞ்சினான். "எனக்குச் சளி அண்ணே. ரெண்டு காதும் அடைச்சிருக்கு. நீங்கதான் வாராவாரம் போவீங்களாமே? போன தீபாவளிக்கு அண்ணி சொன்னாங்க."

டாக்டர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்வதையே அவரும் செய்தார். நேரம் முடிவு செய்ய அவர் போன் பண்ணியபோது ஞானசேகரன் குளித்துக்கொண்டிருந்தார். எடுத்தவள் யாமினி. இப்போது அவள் பாலிடெக்னிக் மாணவி. "அப்பா பறக்கறதை நீங்க பாத்ததே இல்லையா? சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிட்டு வாம்மா. கிளப் லவுஞ்சுல உக்காந்து பாக்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞானசேகரன் துண்டோடு வெளியே வந்தபோது தாயும் மகளும் என்ன உடுத்துவது என்ற பேச்சுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. மழையை நம்பியிருந்த ஞானசேகரன் அதைப் பார்த்து மனம் நொந்தார். வசந்தகுமாரி வாடாமல்லி நிறத்தில் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். ஓடுபாதையைப் பார்த்திருக்கும் விமான ஓட்டிகள் கிளப்பின் லவுஞ்சில், கண்ணாடிக்குப் பக்கத்தில் இருவருக்கும் இடம் பிடித்துக் கொடுத்து, தேநீரும் வாங்கிக்கொடுத்தான் சுரேந்தர். சுவரில் ஒரு ஒலிபெருக்கி இருந்தது. கோபுரத்துடன் விமானங்கள் பேசுவதை உறுப்பினர்கள் கேட்பதற்காக வைத்தது. அதில் அவ்வப்போது யாராவது ஒருவர் ஆங்கிலத்தில் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா பேசினாலும் இதுல கேக்குமா?" என்றாள் யாமினி.

"அவர் ஏன் பேசப் போறார்? டாக்டர் பேசுறது கேக்கும்" என்றான் சுரேந்தர்.

ஓடுபாதைக்குப் போகும் வழியில் டாக்டர் விதிகளைச் சொன்னார். "எதிர்ல இருக்கிற ஸ்டியரிங்கைத் தொடாதீங்க. கதவுப் பிடியைத் தொடாதீங்க. ஒரே ஒரு சுற்று. மேல போறோம், சுத்துறோம், இறங்குறோம். சரியா?"

"சரி டாக்டர்" என்றார் ஞானசேகரன். குரல் சரியாகத்தான் இருந்தது.

விமானம் ஓடியது. பிறகு ஓடவில்லை. ஞானசேகரனின் காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் போனது. பிடிப்பதற்கு ஏதாவது வேண்டியிருந்தது. ஸ்டியரிங் கூடாது, கதவு கூடாது. மடியில் சுருள் ஒயரோடு அந்தப் பொத்தான் கிடந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்தார்.

ஒரு அலைவரிசையில் ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் வேறு யாரும் பேச முடியாது, அவர் பேசுவது மட்டும் எல்லோருக்கும் கேட்கும். இது ஞானசேகரனுக்குத் தெரியாததல்ல. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வதே அவர்தான். அந்த நேரத்தில் அவருக்குத் தன் பெயரே நினைவில் இருந்ததா என்பது சந்தேகம்.

லவுஞ்சில் ஒலிபெருக்கி கரகரத்தது. ஆங்கில எண்கள் நின்றன. தமிழ் தொடங்கியது.

"டாக்டர், திருப்பிடுங்க. போதும் டாக்டர், திருப்பிடுங்க."

வசந்தகுமாரி தேநீர்க் கோப்பையை மேஜையில் வைத்தாள்.

"கொசுவாவது ஒண்ணாவது. எனக்கு என் நெஞ்சு அடிக்கிறதுதான் கேக்குது... இல்ல டாக்டர், பழக்கமெல்லாம் இல்ல. பொய். சின்ன பிளேன்ல நான் ஏறினதே இல்ல. வீட்ல சும்மா சொல்லி வெச்சிருக்கேன். தியோமான் போனேன்னு சொன்னேன், மலாக்கா போனேன்னு சொன்னேன். மேகத்தைத் தொட்டேன்னு சொன்னேன் டாக்டர்! ஜன்னல் திறக்குமான்னுகூட அவ கேக்கல."

டாக்டர் சொன்ன பதில்கள் இன்டர்காமில் ஞானசேகரனுக்கு மட்டும்தான் கேட்டன. லவுஞ்சில் இருந்தவர்களுக்கு ஒரு பக்கத்துப் பேச்சுதான். உறுப்பினர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். ஒரு சீனப் பெரியவர் யாமினியிடம் குனிந்து, அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் சாமி கும்பிடுகிறார் என்று யாமினி பதில் சொன்னாள்.

"எல்லாம் அந்த ரகுபதியால வந்தது. அவ அண்ணன். மண்டபத்துல மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, மாப்பிள்ளை பிளேன் ஓட்டுறார்ங்கிறான். மைக்ல டாக்டர்! ஊரே கேட்டுச்சு! மைக்ல என்ன பேசுறோம்னு ஒரு மனுஷனுக்குத் தெரிய வேணாமா?"

சுரேந்தர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"கீழே ரெண்டு பேரும் பாத்துட்டு இருக்காங்க. எனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, கடைசி வரைக்கும் தைரியமா இருந்தேன்னு அவகிட்டச் சொல்லிடுங்க டாக்டர்."

"நானும் இதே பிளேன்லதான் இருக்கேன் ஞானசேகரன்" என்றார் டாக்டர். இது வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

அப்போதுதான் விமானம் நீர்த்தேக்கத்தின் மேல் வளைந்தது. வலப்பக்க இறக்கை கீழே சாய்ந்து, ஜன்னல் முழுக்கத் தண்ணீராகத் தெரிந்தது. "முருகா!" என்றது ஒலிபெருக்கி. "முருகா! முருகா!" மூன்றாவது முருகாவோடு எதையோ உதைத்த சத்தம் ஒன்றும் வந்தது.

டாக்டர் இதற்குள் கோபுரத்தை இரண்டு முறை அழைத்துவிட்டார். பதில் இல்லை. புதிய பேனலைப் பார்த்தார். ஒலிபரப்பாகிறது என்பதற்கான விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தது. அவர் பார்வை மெல்ல ஞானசேகரனின் மடிக்கு வந்தது.

"கையை எடுங்க."

"எந்தக் கை டாக்டர்?"

"ரெண்டும்!"

பொத்தான் விடுபட்டது. உடனே கோபுரத்திலிருந்து ஒரு பெண் குரல், ஒன்றுமே நடக்காததுபோல, உங்கள் மைக் அழுந்தியிருந்தது, இறங்கலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னது. அதற்கு முன்பே கோபுரத்தின் உச்சியில், வானொலி இல்லாதபோது இறங்க அனுமதி சொல்லும் பச்சை விளக்கைக் காட்டியிருந்தார்கள். டாக்டர் பார்க்கவில்லை. பயிற்சிக்கு வந்த இரண்டு விமானங்கள் இறங்க அனுமதி கேட்க முடியாமல் தூரத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றிலிருந்து ஓர் இளைஞனின் குரல் சிங்கப்பூர் ஆங்கிலத்தில் குறுக்கே வந்தது: "அங்கிள், ரிலாக்ஸ் லா."

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது, தான் பயந்துகிடப்பது அவனுக்கு எப்படித் தெரியும் என்று ஞானசேகரன் யோசித்தார். சக்கரம் தரையைத் தொடுகிற வரை யோசித்தார். தொட்டபோது புரிந்துவிட்டது.

"டாக்டர், கிளப்ல ஒலிபெருக்கி ஆன்ல இருந்திருக்குமா?"

"எப்பவும் ஆன்தான்" என்றார் டாக்டர்.

கோபுரத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் மதுரா என்ற கட்டுப்பாட்டு அதிகாரி. டாக்டரிடம் ஆங்கிலத்தில் கண்டிப்பாகப் பேசிவிட்டு, பக்கத்திலிருப்பவரிடம் போனைக் கொடுங்கள் என்றார்.

"அண்ணே, நான் தமிழ்தான். ரிப்போர்ட் எழுதியாகணும், தெரியும்ல? 'பயணி தமிழில் கவலை தெரிவித்தார்'னு போட்டிருக்கேன். அதுக்கு மேல ஒண்ணும் எழுதல."

"ரொம்ப நன்றிம்மா."

"ஆனா ஆடியோ சூப்பர் கிளியர் லா. ஒரு வார்த்தைகூட மிஸ் ஆகல."

தொழிலில் இத்தனை வருடத்தில் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. வாங்கிக்கொண்டு லவுஞ்சை நோக்கி நடந்தார்.

வசந்தகுமாரி வாசலிலேயே நின்றிருந்தாள். யாமினி கொஞ்சம் தள்ளி, போனில் மும்முரமாக இருப்பதுபோல நின்றாள். அவர் தரையைப் பார்த்தபடி, "கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு."

"எல்லாமா?"

"எங்க அண்ணனை 'அவன் இவன்'னு சொல்றீங்க. அத்தனை பேர் முன்னாடி. இதுதான் உங்க மரியாதையா?"

ஞானசேகரன் தலையை நிமிர்த்தினார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை. "மத்தது?"

"மத்தது என்ன மத்தது? நீங்க ஒயர் வேலைதான் பாக்குறீங்கன்னு அண்ணன் பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடுச்சு. மைக்ல சொன்னது, ஒயர் வேலை பாக்குறவனுக்கா பொண்ணு குடுக்குறீங்கன்னு கேட்ட எங்க பெரியப்பா வாயை அடைக்கிறதுக்கு."

"அப்ப தியோமான்..."

"நீங்க சொல்றது கேக்க நல்லா இருக்கும். நாள் முழுக்கப் பிள்ளைங்களோட கத்திட்டு வர்றேன், வீட்ல ஒரு ஆள் உக்கார வெச்சுக் கதை சொன்னா வேணாம்னா சொல்லுவேன்?" வசந்தகுமாரி ஈசூனில் ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் உதவி ஆசிரியை.

"மேகத்தைத் தொட்டேன்னு சொன்னப்பவுமா தெரியும்?"

"அன்னைக்கு மட்டும் சிரிப்பை அடக்கக் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு."

அவருக்கு நிம்மதியாக இருந்ததா, அவமானமாக இருந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. இத்தனை காலம் ஏமாற்றிக்கொண்டிருந்தோம் என்று நினைத்ததுதான் அவர் ஏமாந்தது. இதைச் சொல்லிக் கோபப்படலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கோபப்படுகிற இடத்தில் தான் இல்லை என்பதும் தெரிந்தது.

அதற்குள் சுரேந்தர் ஓடி வந்தான். காதடைப்பு எப்படியோ சரியாகியிருந்தது. "அண்ணே, கொசு கிடைச்சிடுச்சு! நீங்க பேசும்போது பின்னாடி 'ங்ஙீ'ன்னு அது வந்துட்டே இருந்துச்சு. மூணாவது முருகாவுக்கு 'டொம்'முன்னு ஒரு சத்தம், அதோட நின்னுடுச்சு. எதை உதைச்சீங்க?"

போய்ப் பார்த்தார்கள். வலப்பக்கச் சுவரில் ஹெட்செட் சொருகும் இடத்தில் ஒரு வாஷர் விரிசல் விட்டிருந்தது. விமானம் பறக்கும் அதிர்வில் துளையின் விளிம்பு உலோகத்தில் உரசியிருக்கிறது. ஞானசேகரனின் முழங்கால் இடித்ததில் அந்த விளிம்பு உலோகத்தைவிட்டு விலகி உட்கார்ந்திருந்தது. வாஷரை மாற்றினார். கொசு அதற்குப் பிறகு வரவில்லை. தேர்ச்சி பெற்ற ஒரு நிபுணர் நேரில் மேலே போய்க் குறையைக் கண்டுபிடித்தார் என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் இன்றும் சொல்லிக்கொள்கிறார். அது பொய்யில்லை.

அன்று மாலை, மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கரூருக்குப் போன் போட்டு மச்சானிடம் மன்னிப்புக் கேட்டார். ரகுபதிக்கு எதற்கு மன்னிப்பு என்றே புரியவில்லை. முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டு முடித்ததும் ரகுபதி போனில் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வாரமே ஊரில் ஒரு காதுகுத்தில் மைக்கைப் பிடித்து, "எங்க மாப்பிள்ளை பேச ஆரம்பிச்சா சிங்கப்பூர்ல மத்த பிளேன் எல்லாம் இறங்காம வானத்துலயே காத்துக்கிட்டு நிக்கும்" என்று அறிவித்தார்.

சிலேத்தாரில் ஞானசேகரனுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. பெட்ரோல் ஊற்றுகிறவர்கள்கூட "ரிலாக்ஸ் லா, அங்கிள்" என்பார்கள். சோதனைப் பறப்பில் உடன் போகும் ஊழியர்கள் பேசும் பொத்தானைக் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று முதலாளி புதிய விதி போட்டார். விதியில் யார் பெயரும் இல்லை. அவசியமும் இல்லை.

வீட்டில்தான் ஒரு சங்கடம். உண்மையைச் சொல்ல ஆரம்பித்த பிறகு சாப்பாட்டு மேஜையில் பேச்சு குறைந்துவிட்டது. "இன்னைக்கு என்ன?" என்று வசந்தகுமாரி கேட்பாள். "ஒரு பிளேனுக்கு அடியில படுத்திருந்தேன்" என்பார். "அப்புறம்?" "அப்புறம் எந்திரிச்சேன்." அவள் மறுபடி சோற்றைப் பிசைவாள். "ஏங்க, மலாக்காவுக்கு அப்புறம் நீங்க எங்கயும் போகவே இல்லையே?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். அவர் தட்டில் மோர் ஊற்றிக்கொண்டார்.

டாக்டர் பேரின்பநாயகத்துக்குப் புதிய இன்டர்காம் பிடித்துப்போனது. இரஞ்சிதம் அம்மாளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. முன்பு இயந்திரச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கலாம், இப்போது இவர் முணுமுணுப்பதெல்லாம் கேட்கிறது என்றார். ஓட்டுநரின் பேச்சு மற்றவர்களுக்குக் கேட்காதபடி அவரைத் தனியாகப் பிரித்து வைக்கப் பேனலில் ஒரு பொத்தான் உண்டு. ஞானசேகரன் அதை அந்த அம்மாளுக்குக் காட்டிக் கொடுத்தார்.

அதற்கு நன்றியாகத்தான் இரஞ்சிதம் அம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வசந்தகுமாரியைக் கூட்டிப் போனார். பின்னால் இன்னும் ஓர் இருக்கை காலி. "நீங்களும் வாங்களேன்" என்றார் டாக்டர். கீழே இருந்து கேட்க ஓர் ஆள் வேண்டும் என்றார் ஞானசேகரன்.

லவுஞ்சில் ஒலிபெருக்கிக்கு அடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். டாக்டரின் குரல் மட்டும், எண்களாக, அவ்வப்போது வந்து போனது. மற்றபடி விமானத்துக்குள் யார் என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வேலை அவ்வளவு சுத்தம். விமானம் திரும்பி வந்து தரையைத் தொடும்வரை அவர் வைத்த தேநீர்க் கோப்பை வைத்த இடத்திலேயே ஆறிக்கிடந்தது.

வசந்தகுமாரி இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, நேராக நடந்து வந்தாள். அவர் எழுந்து எதிரே போனார்.

"எப்படி இருந்துச்சு?"

"நீங்க சொல்லிக் கேக்கும்போது நல்லா இருந்துச்சு. நெசத்துல வயித்தைப் புரட்டுது" என்றாள் அவள். "தேக்கா மார்க்கெட்டுக்குப் போலாம் வாங்க. மீன் வாங்கணும்."